ஆளை எதிரே நிறுத்தி மண்ணில் உருவம் செய்வது எப்படி?

நவராத்திரிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு பண்ருட்டிக்கோ கடலூர் வண்டிப்பாளையத்துக்கோ போனால், பொம்மை செய்கிற வீடுகளின் வாசலில் கொலு பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே உருவம் அச்சிலிருந்து வருகிறது. முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி எடுத்து, ஒட்டி, காயவைத்து, வண்ணம் தீட்டுவார்கள். அந்த அச்சை எடுப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் கையால் ஒரு மூல உருவத்தைச் செய்திருக்க வேண்டும். அந்தக் கைவேலையைப் பற்றியது இந்தக் கட்டுரை. உயிருள்ள ஒருவரை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்து மண்ணில் செய்வதற்கு வீட்டிலேயே எப்படித் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

“எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. நான் செய்யலாமா?” தாராளமாக. தாளில் வரையும்போது ஆழமுள்ள ஒன்றைத் தட்டையாக்க வேண்டியிருக்கிறது. பலருக்கும் அங்கேதான் சிக்கல். மண்ணில் அந்தத் தொல்லை இல்லை. மூக்கு முன்னால் நீண்டிருந்தால் மண்ணையும் முன்னால் நீட்டி வைக்கிறீர்கள். தப்பாகப் போனால் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். கல்லில் உளி வேலை செய்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கைப்பேசியில் படம் எடுத்து அதைப் பார்த்துச் செய்தால் போதாதா? போதாது. படம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். கிட்டத்தில் நின்று எடுத்தால் முன்னால் இருக்கும் கை பெரிதாகவும் பின்னால் இருக்கும் கால் சிறிதாகவும் விழும். அதன் பின்னால் போய் முதுகை எட்டிப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விட, எதிரே நிற்கும் மனிதர் மூச்சு விடுகிறார், களைக்கிறார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறார். உடம்பு தன் எடையை எங்கே இறக்கி வைக்கிறது என்பதை அப்போதுதான் பார்க்கிறோம். அந்த எடையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற எல்லாம் பின்னாலேயே வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

எடையைப் பிடிப்பது என்றால் என்ன? படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பு எலும்பின் முன்முனைகளில் வையுங்கள். இப்போது உடம்பின் முழு எடையையும் வலது காலில் போட்டு, இடது முழங்காலைத் தளர்த்துங்கள். வலது இடுப்பு மேலே ஏறும். இடது இடுப்பு இறங்கும். தோள் இதற்கு எதிராக வேலை செய்யும்: வலது தோள் கொஞ்சம் தாழும். நடுவே முதுகெலும்பு வளையும். நாம் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், கடையில் பேசிக்கொண்டு நிற்கும்போதும் இப்படித்தான் நிற்கிறோம்.

நம் சிற்பிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் சமமாக நிற்பது சமபங்கம். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் அபங்கம். தலை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என மூன்று இடங்களில் வளைந்தால் திரிபங்கம். கோயிலுக்குப் போகும்போது ஒவ்வொரு சிலையிடமும் ‘எந்தக் காலில் நிற்கிறாய்?’ என்று மனத்துக்குள் கேட்டுப் பழகுங்கள்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. நடராசர் கோயிலின் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் (கை, கால், உடல் மூன்றும் சேர்ந்து செய்யும் ஆடல் அசைவுகள்) சிற்பங்களாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுர வாசல்களில் அந்தச் சாஸ்திர வரிகளும் உடன் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேளக்காரரும் பூக்காரரும் கடந்து போகிற அந்த வழியில் சுவரோரமாக நின்று பாருங்கள். ஒரு கால் தலைக்கு மேல் போயிருக்கும். ஆனாலும் ஆள் விழமாட்டார் என்று தோன்றும். ஏன் தோன்றுகிறது? ஊன்றிய காலுக்கு நேர் மேலே உடலின் நடு எடை வந்து நிற்கிறது. எடை ஒரு பக்கம் போனால் கை மறுபக்கம் போய் ஈடு செய்கிறது.

இதைச் சோதிக்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது ஊன்றிய காலின் உள் கணுக்காலுக்குப் பக்கத்தில் வந்து விழும். உங்கள் மண் உருவத்திலும் நூல் அங்கேயே விழ வேண்டும். விழாவிட்டால் முகம் எத்தனை அழகாக இருந்தாலும் ஆள் சாய்ந்து விழப்போவதாகவே பார்ப்பவருக்குத் தெரியும். சிற்ப மரபில் இந்த நடுநூலைப் பிரம்ம சூத்திரம் என்பார்கள்.

கரணங்கள் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம், கரணம் என்பது நின்ற நிலை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் அசைவு என்று விளக்கினார். சிற்பி அதில் ஒரு கணத்தைத்தான் பிடித்திருக்கிறார். எனவே பரதம் ஆடும் தோழி உங்களுக்காக நிற்க ஒப்புக்கொண்டால், காலைத் தூக்கிய நிலையில் நிற்கச் சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியும் வேண்டாம், தொடை நடுங்கும். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கி நிற்பாரே, அந்த நிலையைக் கேளுங்கள்.

அப்படியானால் யாரை நிற்கவைப்பது? சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுவார்கள். 1959இல் திறக்கப்பட்ட அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். அதற்கு மாதிரியாக நின்றவர்கள் அந்தப் பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும் என்று சொல்வார்கள். உங்களுக்கும் அப்படிப் பக்கத்தில் இருப்பவரே போதும்.

தொடங்குபவருக்கு மிகவும் உதவக்கூடியவர் வீட்டிலிருக்கும் வயதான, மெலிந்த தாத்தா. எலும்பு தோலுக்கு அடியில் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று அவர் உடம்பில் தெளிவாகத் தெரியும். கொழுகொழுவென்று இருப்பவரைப் பார்த்துத் தொடங்கினால் எல்லாம் உருண்டையாகவே தெரியும். எங்கே அளப்பது என்று புரியாது.

ஆடையில்லாமல் நிற்கவேண்டுமா? கலைக்கல்லூரிகளில் ஆடையற்ற உருவத்தைப் பார்த்துச் செய்வது உலகெங்கும் பாடமாக இருந்துவந்திருக்கிறது. வீட்டில் கற்கும் உங்களுக்கு அது தேவையில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியவரிடமோ அரைக்கால் சட்டை போட்டவரிடமோ கற்க வேண்டியதில் பெரும்பகுதி தெரிகிறது. மறைவது இடுப்பு மட்டும். அதற்கும் வழி உண்டு: இடுப்பு எலும்பின் இரண்டு முன்முனைகளும் துணிக்கு மேல் எங்கே வருகின்றன என்று அவரையே விரல் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த இடங்களில் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிற்பவரை எப்படி நடத்த வேண்டும் என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அசையாமல் நிற்பது உடல் உழைப்பு. வெளியாள் என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். 20 நிமிடம் நின்றால் 5 நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரலாம். லேசாகத் தளர்த்தி நிற்கச் சொல்லுங்கள். கடலூர் வெயிலுக்கு மின்விசிறியும் தண்ணீரும் கட்டாயம். அளப்பதற்காகக்கூடக் கேட்காமல் தொடாதீர்கள். அவர் சம்மதமில்லாமல் படம் எடுக்காதீர்கள். பெண் ஒருவர் நிற்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்த ஒருவர் உடன் இருக்கட்டும்.

ஓய்வு முடிந்து திரும்பி வரும்போது அதே நிலையில் நிற்பது எப்படி? முதல் தடவை நின்றவுடனே பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். கண் பார்க்கும் திசையில் சுவரில் ஒரு புள்ளி வையுங்கள். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

இனி மண்ணுக்கு வருவோம். எந்த மண்? எங்கே கிடைக்கும்? ஏரியிலோ ஆற்றிலோ நாமாகப் போய்த் தோண்டக்கூடாது. அதற்கு அனுமதி வேண்டும். பானை, பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டுப் பிசைந்த மண்ணாக வாங்குவதுதான் எளிது, நல்லதும்கூட. பல தலைமுறையாக அந்த மண்ணோடு பழகியவர்கள். எதில் எவ்வளவு மணல் கலக்க வேண்டும் என்று கைப்பழக்கத்தில் சொல்வார்கள். விலை பேசாமல் வாங்குங்கள். வேலை பார்க்க அனுமதித்தால் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

மண் நல்லதா என்று எப்படித் தெரியும்? பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் பசை போதும். வெடித்தால் இன்னும் ஊறவைத்துப் பிசைய வேண்டும், அல்லது மணல் அதிகம். கையில் அப்பிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம். ஒரு துணிமேல் பரப்பிச் சிறிது நேரம் ஆறவிடுங்கள். அழுத்தினால் விரல் ரேகை பதிய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். கடலோர மண்ணில் உப்பு இருந்தால் காய்ந்தபின் மேலே வெள்ளையாகப் பூக்கும். அது வேண்டாம்.

எவ்வளவு மண் வாங்குவது? உருவத்தை ஆளின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். 168 செ.மீ. ஆள் என்றால் உருவம் 42 செ.மீ. உயரம் நாலில் ஒன்று. அகலமும் நாலில் ஒன்று, தடிமனும் நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் கனஅளவு அறுபத்து நாலில் ஒரு பங்குதான். 64 கிலோ ஆளின் கனஅளவு ஏறக்குறைய 64 லிட்டர். உங்கள் உருவம் 1 லிட்டர். ஈரமண்ணில் அது சுமார் 2 கிலோ. கைவசம் 4 அல்லது 5 கிலோ இருந்தால் தட்டுப்பாடு வராது. “பெரிதாகவே செய்கிறேனே” என்று பாதி உயரத்துக்குப் போனால் மண் எட்டு மடங்காகி 16 கிலோ ஆகிவிடும். தாங்கும் கம்பியும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். முதல் உருவத்துக்கு அது வேண்டாத சுமை.

நாலில் ஒரு பங்கு என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கில் மடிப்பு மடிப்பாக அளவு குறித்துக்கொண்டு மெழுகில் உருவம் செய்வார்கள். அதை நம் வேலைக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆளின் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளமான ஓலை நறுக்கையோ நாடாவையோ பிடித்து அளந்து வெட்டுங்கள். அதைப் பாதியாக மடியுங்கள். மறுபடி பாதியாக மடியுங்கள். மண்ணில் வரவேண்டிய அளவு கையில் இருக்கிறது. கணக்கு இல்லை, அளவுகோல் இல்லை.

எந்தெந்த இடங்களை அளப்பது? சதை அசையும், எலும்பு நீளம் மாறாது. அதனால் எலும்பு தோலுக்கு அருகே வரும் இடங்களையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்: உச்சந்தலை, மோவாய், தொண்டைக்குழி, தோள்முனை, முழங்கை, மணிக்கட்டு, இடுப்பின் முன்முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கால். பின்பக்கத்தில், தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு. இவற்றை நான்காக மடித்த அளவில் பொருத்திவிட்டால் இடையிலுள்ள சதையை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம்.

மரபில் வேறு அளவு சொல்கிறார்களே என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. சிற்ப நூல்கள் தாலம் (நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரையிலான முகநீளம்) என்ற அளவைச் சொல்கின்றன. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இது கடைக்காரரின் அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்கே உரிய சிறு அலகு. நவதால உருவம் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124. மேற்கத்திய முறையில் உச்சியிலிருந்து மோவாய் வரை முழுத் தலையை அலகாக வைத்து ஏழு, ஏழரைத் தலை என்பார்கள். ஒன்று முகத்தை எண்ணுகிறது, மற்றது தலையை எண்ணுகிறது. அதனால் கேட்பதற்குத் தெரிகிற அளவு வேறுபாடு உண்மையில் இல்லை. எதிரே நிற்பவரின் அளவு இரண்டிலும் அடங்காமல் போகலாம். அவருடைய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். தெய்வத் திருமேனி செய்யும்போது நூல் அளவு. ஆளைப் பார்த்துச் செய்யும்போது ஆள் அளவு.

ஈரமண் தானாக நிற்காது. கணுக்காலில் மடிந்து உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் ஆர்மேச்சர் (மண்ணை உள்ளிருந்து தாங்கும் கம்பிக் கூடு). தடிமனான ஒரு பலகை எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் அடிக்கு ஓர் அடி. வெல்டிங் பட்டறையில் 8 மி.மீ. கட்டடக் கம்பியைத் தலைகீழ் ‘ட’ போல வளைத்து, ஒரு தகட்டில் பற்றவைத்து, தகட்டைப் பலகையில் திருகச் சொல்லுங்கள். கம்பியின் மேல் முனை உருவத்தின் பின்னிடுப்பில் நுழைய வேண்டும். துரு பிடிக்காமலிருக்க அதற்கு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அந்த முனையில் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கித் தலை, முதுகு, கை, கால் என்று குச்சி மனிதனாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பியை அதன்மேல் இடைவெளி விட்டுச் சுற்றினால் மண் வழுக்காது. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: கம்பி ஒவ்வொரு கை காலின் நடுவிலும் ஓட வேண்டும். ஓரமாக ஓடினால், நாலாம் நாள் முழங்கையில் கம்பி வெளியே தலைகாட்டும். அப்போது திருத்துவது பெரும்பாடு. மண் போடுவதற்கு முன்பே குச்சி மனிதனை ஆளின் நிலைக்கு வளைத்து, தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சரியாக வளைந்த வெறும் கம்பியே ‘நிற்கிறேன்’ என்று சொல்லும். இந்த வேலைக்கு முதல் நாள் முழுவதும் போனாலும் போகட்டும்.

மற்றபடி என்ன கருவிகள் வேண்டும்? அதிகம் இல்லை. மூங்கிலைச் சீவி ஒரு முனையைக் கூராகவும் ஒரு முனையைத் தட்டையாகவும் செய்துகொள்ளுங்கள். பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் ஓர் இழையை வளையமாக்கி ஒரு குச்சியில் கட்டினால் மண்ணைச் சீவ உதவும். தட்டுவதற்கு ஒரு மரத்துண்டு. பலகைக்கு அடியில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் சுழல்தட்டு ஒன்று இருந்தால் மிக நல்லது.

மண்ணைப் போடும்போது முதலில் எங்கே கை வைப்பது? எல்லோருக்கும் முகத்தில் கை போகத்தான் துடிக்கும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று பெரிய கட்டிகள் முதலில்: இடுப்பு, விலாக்கூடு, தலை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதுதான் உருவத்தின் உயிர். பிறகு தொடை, கெண்டைக்கால், கை. கோலிக்குண்டு அளவு உருண்டைகளாக எடுத்து, வைத்து அழுத்துங்கள். தடவாதீர்கள். தடவத் தொடங்கினால் மேல்தோல் வழவழப்பாகி, உள்ளே உருவம் சரியில்லாததே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தண்ணீர் தொட்டு மெழுகுவதும் அப்படியே. கடைசி நாளுக்கு முன்னால் அது வேண்டாம்.

ஒரே பக்கத்தில் நின்று எவ்வளவு நேரம் செய்யலாம்? ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆள் எட்டில் ஒரு பங்கு திரும்பட்டும். நீங்களும் பலகையை அதே அளவு திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்கோட்டை மட்டும் ஒப்பிடுங்கள். பிரான்சின் ஓகுஸ்த் ரொதேன் இப்படிச் சுற்றிச் சுற்றி வெளிக்கோடு பார்த்துச் செய்தவர். ‘வெண்கல யுகம்’ என்ற அவருடைய உருவம் 1877இல் காட்சிக்கு வந்தபோது, ஆளின் உடம்பிலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள், அத்தனை துல்லியம். அதே ரொதேன் சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்து மெய்மறந்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சானது. ஆளைப் பார்த்தே வாழ்நாள் முழுவதும் வேலை செய்த ஒருவருக்கு, அளவு நூல் பார்த்துச் செய்த சோழர் செம்பு உருவத்தில் உடம்பின் உண்மை தெரிந்திருக்கிறது. இரண்டு வழியையும் எதிரெதிராக வைத்துச் சண்டை போடுபவர்களுக்கு இதை நான் நினைவூட்ட விரும்புகிறேன்.

தொடங்குபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. தலை பெரிதாகிவிடும், முகத்தைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம் என்பதால். பாதம் சிறிதாகிவிடும், உங்கள் பாதத்தை முன்கையோடு ஒட்டிப் பாருங்கள், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை ஏறக்குறைய அதே நீளம். கழுத்து தூண்போல் செங்குத்தாக வரும். உண்மையில் அது முன்னோக்கிச் சாய்ந்தது. கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் புடைக்கும் என்று நினைத்துவிடுவோம். வெளிப்பக்கம் மேலே, உள்பக்கம் கீழே. முதுகை மறந்துவிடுவோம். கொலுப்படியில் முதுகு தெரியாது, இங்கே தெரியும்.

முகம் எப்போது? இரண்டு மணிநேர வேலை எட்டுப் பத்து நாள் நடக்கும் என்று வைத்துக்கொண்டால், கடைசி இரண்டு நாள். இந்த அளவில் தலையே ஐந்தரை செ.மீ.தான். கண் இமையைச் செதுக்க முயலாதீர்கள். கண்குழியின் நிழல், மூக்கின் சாய்வு, தாடை மூன்றும் சரியாக விழுந்தால் பார்ப்பவர் ‘அட, நம்ம தாத்தா’ என்பார். தாத்தாவை அடையாளம் காட்டுவது அவர் நிற்கும் விதமும்தான். தெருமுனையில் முகம் தெரியாத தூரத்திலேயே நம் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோமே.

இத்தனை நாள் ஆள் நிற்க முடியாது என்றால்? சின்ன உருவங்கள் செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குக் காலையில் போங்கள். வலை இழுப்பவர், கூடை தூக்குபவர், குந்தி உட்கார்ந்து மீன் பிரிப்பவர். கட்டைவிரல் உயரத்தில், கம்பி இல்லாமல், பத்து நிமிடத்துக்கு ஒன்று. கேட்டுவிட்டு உட்காருங்கள். சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது; அங்கே மண் வேண்டாம், ஒரு சிறு நோட்டில் உடம்பின் நடுக்கோட்டை மட்டும் வளைத்து வளைத்துக் குறித்து வந்து வீட்டில் செய்யலாம். இந்தச் சின்ன உருவங்களில் கிடைக்கும் பயிற்சி பெரிய உருவத்தில்கூடக் கிடைக்காது.

வேலை நடக்கும் நாட்களில் மண்ணை எப்படிக் காப்பது? கத்திரி வெயிலில், காலையில் செய்த விரல்நுனி மதியத்துக்குள் காய்ந்து உதிரும். தெளிப்பானில் தண்ணீர் அடித்து, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை தலைகீழ்: ஒன்றுமே காயாது, ஈரத்துணி சுற்றினால் பூஞ்சை நாற்றம் வரும். அப்போது வெறும் பிளாஸ்டிக் போதும். கீழே விழுந்து காய்ந்த மண்ணைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள்.

முடித்த உருவத்தைச் சூளையில் வைக்கலாமா? உள்ளே கம்பி இருந்தால் கூடாது. மண் காயும்போதும் சுடும்போதும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், கம்பி சுருங்காது, உருவம் பிளந்துவிடும். சுட்டே ஆக வேண்டும் என்றால், உட்கார்ந்த உருவமாகவோ மார்பளவு உருவமாகவோ கம்பி இல்லாமல் செய்யுங்கள். தோல்பதம் (அழுத்தினால் குழியாத, ஆனால் வெட்ட முடிகிற பதம்) வந்ததும் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவர் விரல் தடிமனுக்கு வந்ததும் களிக்குழம்பு தடவி மறுபடி ஒட்டுங்கள். காற்றுப் போக அடியில் ஒரு துளை விடுங்கள். நிழலில் வாரக்கணக்கில் காயட்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் 100 டிகிரி தாண்டும்போது ஆவியாகி உருவத்தை வெடிக்கவைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் குயவரின் பானைகளும் சேர்ந்து உடையும். அதனால் நன்றாகக் காய்ந்ததா என்று அவரையே பார்க்கச் சொல்லிவிட்டுச் சூளையில் இடம் கேளுங்கள்.

கம்பி வைத்த உருவத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுதான் வழி. பொடியைத் தண்ணீரில் போட வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். முதல் மெல்லிய பூச்சில் கொஞ்சம் காவிப்பொடி கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சு. இறுகியதும் உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்து, சோப்புத் தண்ணீர் பூசி, புதிய பிளாஸ்டரை வார்த்து, பிறகு வெளி அச்சைக் கொத்தி எடுப்பீர்கள். காவி நிறம் தெரிந்தால் உருவம் நெருங்கிவிட்டது என்று உளி மெதுவாகும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்; கையையோ முகத்தையோ அதில் புதைத்து அச்சு எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், புண்ணாகிவிடும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும்.

இரண்டும் செய்யாமல் விட்டுவிடலாமா? முதல் இரண்டு மூன்று உருவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மண்ணைக் கம்பியிலிருந்து உரித்து வாளியில் ஊறப் போடுங்கள். அதே மண், அதே கம்பி, அடுத்த ஆள்.

முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி அரியாங்குப்பத்தின் பாரதியார் பல்கலைக்கூடம் பக்கம். மரபுச் சிற்பம் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் அரசு கல்லூரி. மண்ணையும் சுடுவதையும் ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் போய், சிற்பப் பிரிவில் ஆளை நிறுத்தி வேலை செய்யும் வகுப்பு வாரத்தில் எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள். போகும்போது நீங்கள் செய்த உருவத்தின் படங்களை, முதுகுப்பக்கப் படத்தையும் சேர்த்து, எடுத்துப் போங்கள்.